பம்மலில் கூடிய சபை

2022 நவம்பர் 1. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மக்களோடு உட்கார்ந்தார். ஊராட்சிகளில் கிராம சபை பழகிப்போன விஷயம். நகரத்தில் அப்படி ஒரு மேடைக்கு நகர உள்ளாட்சிகள் பற்றிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தத்துக்குப் பிறகும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மேடை கிடைத்தால் மட்டும் போதாது. கழிவுநீர் தேங்கும் தெருவில் வசிக்கும் வீட்டுவேலைத் தொழிலாளிக்கு, கவுன்சிலர் முன் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ‘எங்க தெருவுக்கு ஏதாவது செய்யுங்க’ என்பது கெஞ்சல். ‘இந்தச் சாலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? ஒப்பந்ததாரர் யார்? வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கின் நகலைக் கொடுங்கள்’ என்பது உரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இதையே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும். மகளிர் குழுக்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான்.

மக்கள் முன்வந்தால் நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2019 வறட்சியில் சிட்லபாக்கம் ஏரியில் குடியிருப்போரே தூர்வார மண்வெட்டியோடு இறங்கினார்கள். பிறகு ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது.

பகுதி சபைக்கு ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 உள்ளிட்ட நாள்களைக் குறித்திருக்கிறார்கள். உங்கள் வார்டில் கூட்டம் எங்கே என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துப் போங்கள்.