குறுந்தங்கல் முறையில் படைப்பெழுத்துக் கல்வி: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழில் கதையும் கவிதையும் எழுதுவோரில் பெரும்பாலோர் வேறொரு தொழிலால் வாழ்பவர்கள். மேலூரில் பள்ளி ஆசிரியராகவோ உசிலம்பட்டியில் வங்கி ஊழியராகவோ பணியாற்றும் ஒருவர், படைப்பெழுத்தை முதுகலை நிலையில் முறையாகப் பயில விரும்பலாம். அதற்காக வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழக வளாகத்தில் தங்குவது அவருக்கு இயலாது. இத்தகையோரைக் கருதி அமெரிக்காவில் உருவான ஒரு கல்விமுறை, ஆங்கிலத்தில் லோ ரெசிடென்சி என வழங்கப்படுகிறது. இக்கட்டுரையில் அது குறுந்தங்கல் முறை எனக் குறிக்கப்பெறுகிறது. அதன் தோற்றம், செயற்பாடு ஆகியவற்றை விளக்கி, மதுரை வட்டாரக் கல்வி மரபோடு அது எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்படுகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் பரவலும்

படைப்பெழுத்து, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக வேரூன்றியதற்கு 1936இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் பயிலரங்கு முதன்மையான சான்றாகும். அங்கு மாணவர் வளாகத்திலேயே தங்கிப் பயின்றனர். இதற்கு மாற்றாக 1976இல் வெர்மான்ட் மாநிலத்தின் கொடார்ட் கல்லூரியில், கவிஞர் எலன் பிரையன்ட் வாய்ட் குறுந்தங்கல் முறையிலான முதுகலைப் படிப்பை வடிவமைத்தார். 1981இல் அப்படிப்பு வட கரோலினாவின் வாரன் வில்சன் கல்லூரிக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் இம்முறை பல நிறுவனங்களுக்கும் பரவியது. ஆசியாவில் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகம் 2010இல் இவ்வகைப் படிப்பைத் தொடங்கியது. 2015இல் அதனை நிறுத்துவதாக அறிவித்தது. கொடார்ட் கல்லூரியே 2024இல் மூடப்பட்டது. கல்விமுறை சிறந்ததாயினும், அதனைத் தாங்கும் நிறுவனம் நிலைபெறாவிடின் படிப்பும் நிலைபெறாது என்பதை இவை உணர்த்துகின்றன.

செயல்முறை

குறுந்தங்கல் முறையில் ஆண்டுக்கு இருமுறை, ஏறத்தாழப் பத்து நாள்கள் மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் கூடுகின்றனர். விரிவுரை, பயிலரங்கு, படைப்பு வாசிப்பு ஆகியன அந்நாள்களில் நிகழும். ஒவ்வொரு மாணவருக்கும் அப்பருவத்திற்குரிய வழிகாட்டி ஒருவர் அமைவார். அவரும் மாணவரும் கலந்து அப்பருவத்தில் படிக்க வேண்டிய நூல்களையும் எழுத வேண்டியவற்றையும் முடிவு செய்வர். பின்னர் மாணவர் தம் ஊருக்குத் திரும்பி, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புதிய படைப்பையும், திருத்திய படிகளையும், படித்த நூல்கள் பற்றிய குறிப்புகளையும் வழிகாட்டிக்கு அனுப்புவார். வழிகாட்டி அவற்றுக்கு விரிவான மடல் எழுதுவார். இம்மடலே இம்முறையின் உயிர்நிலை. ஒரு வழிகாட்டியிடம் மூவர் முதல் ஐவர் வரையிலான மாணவரே இருப்பது இதனால்தான். நிறைவாக, மாணவர் ஒரு படைப்புத் தொகுதியையும் திறனாய்வுக் கட்டுரையையும் அளிப்பதோடு, உடன்பயில்வோருக்குத் தாமே ஒரு வகுப்பும் எடுக்க வேண்டும்.

இறுதியாகக் கூறப்பட்ட கூறு தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் உரைத்ததைக் கொள்வதால் புலமையில் காற்கூறும், உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய பாதியும் நிரம்பும் எனக் கணக்கிடுகிறது. வழிகாட்டியின் மடல், பயிலரங்கு, மாணவர் எடுக்கும் வகுப்பு என்னும் மூன்றும் இம்மூன்று நிலைகளோடு ஒப்புநோக்கத் தக்கன.

மதுரையின் முன்வடிவங்கள்

ஊரிலிருந்தே பயின்று பட்டம் பெறும் வழக்கம் மதுரைக்குப் பழகியதே. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனும் தேர்வுகளை நடத்தியது. யாழ்ப்பாணத்தவரும் இத்தேர்வுகளை எழுதிப் பண்டிதராயினர். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தோன்றியது; 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அச்சிட்ட பாடங்களும் விடுமுறை நாள் தொடர்பு வகுப்புகளுமாக, வேலையிலிருப்போர் பலருக்கு அது பட்டக் கல்வியை எட்டச் செய்தது.

சில நாள்கள் கூடித் தங்கிப் பயிலும் மரபும் இவ்வட்டாரத்தில் உண்டு. 1977இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை நவீனத் தமிழ் நாடகத்துக்குத் திருப்புமுனையாக அமைந்தது.

மடல்வழி எழுத்துப் பயிற்சிக்கும் தென்தமிழகத்தில் சான்று காணலாம். கோவில்பட்டி அருகிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், நட்பின் பதிவாக மட்டுமன்றி வாசிப்பின் பதிவாகவும் விளங்குகின்றன.

ஆகவே தொலைவிலிருந்து பயிலுதல், கூடித் தங்குதல், மடல்வழித் திருத்தம் ஆகிய மூன்றும் இங்குத் தனித்தனியே இருந்துள்ளன. இம்மூன்றையும் ஒரே பட்டப்படிப்பாக இணைத்ததே குறுந்தங்கல் முறையின் தனித்தன்மையாகும்.

மதிப்பீட்டுச் சிக்கல்

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் படைப்பெழுத்துப் பட்டயப் படிப்பை வழங்கியுள்ளது. அதற்கு மதுரையில் மண்டல மையமும் உள்ளது. எனவே தொலைநிலையில் படைப்பெழுத்தைக் கற்பிக்க இயலும் என்பதில் ஐயமில்லை. சிக்கல் மதிப்பீட்டில் எழுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், தொலைநிலைக் கல்வியில் தொடர் மதிப்பீட்டுக்கு உயர்ந்தபட்சம் 30 விழுக்காட்டையும், பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தபட்சம் 70 விழுக்காட்டையும் வரையறுக்கின்றன. படைப்பெழுத்திலோ மாணவரின் வளர்ச்சி, ஒரே கதையின் முதற்படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் வெளிப்படுவது. மூன்று மணி நேரத் தேர்வு சிறுகதையின் இலக்கணம் பற்றிய அறிவை அளக்கும். திருத்தி எழுதும் ஆற்றலை அளக்காது. தமிழ்ச்சங்கத் தேர்வுகள் புலமையைச் சோதித்தமையால் தேர்வு அங்குப் பொருந்தியது. படைப்பைப் பயிற்றும்போது அதே கருவி பொருந்துவதில்லை.

இதற்குத் தீர்வு அவ்விதிகளுக்குள்ளேயே ஓரளவு கிடைக்கும். கோட்பாட்டுத் தாள்களுக்குத் தேர்வும், படைப்புக்குத் திட்டக் கட்டுரை வகைத் தாள்களும் என அமைத்து, பிந்தையவற்றுக்குக் கூடுதல் மதிப்புப் புள்ளிகள் வழங்கலாம். கால அளவும் இடந்தருகிறது. தொலைநிலைக் கல்வியில் ஒரு மதிப்புப் புள்ளிக்கு 30 மணி நேரப் பயிற்சி கணக்கிடப்படுகிறது. 20 புள்ளிகள் கொண்ட ஒரு பருவத்துக்கு 600 மணி நேரமாகும். பத்து நாள் தங்கலில், நாளொன்றுக்கு 8 மணி வீதம், 80 மணி நேரம் நிறைவுறும். எஞ்சிய 520 மணி நேரத்தை 26 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 20 மணி நேரம் அமையும். பணியில் இருப்போருக்கு இது கடினம், ஆயினும் இயலாததன்று.

வழிகாட்டிகள் யார் என்பது அடுத்த வினா. நல்ல எழுத்தாளர் பலரிடம் முனைவர் பட்டமோ தகுதித்தேர்வுச் சான்றோ இராது. பள்ளிக் கல்வியை முழுமையாகப் பெறாத கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றியமை இதற்கு முன்மாதிரியாகும். பட்டத் தகுதியை வற்புறுத்தாமல் துறை வல்லுநர்களைப் பேராசிரியராக அமர்த்த, மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. அவர்தம் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைக் கடத்தல் கூடாது. ஐந்து மாணவருக்கு ஒரு வழிகாட்டி தேவைப்படும் படிப்புக்கு இவ்வரம்பு நெருக்கடியே. ஆதலின் தமிழ்த்துறைப் பேராசிரியர் கோட்பாட்டையும் எழுத்தாளர் மடல்வழித் திருத்தத்தையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு தேவைப்படும்.

முடிவுரை

குறுந்தங்கல் முறை தொலைநிலைக் கல்வியின் மற்றொரு பெயரன்று. அச்சிட்ட பாடம் எல்லாருக்கும் ஒன்று. வழிகாட்டியின் மடல் ஒருவருக்கே உரியது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் தொலைநிலைப் பாடப்பட்டியலில் படைப்பெழுத்தைச் சேர்த்தால், எழுத்தைப் பற்றி அறிந்த பட்டதாரிகள் உருவாவர். எழுதுவோர் உருவாதல் அரிது. மதுரைக்குத் தொலைவுக் கல்வியின் நெடும்பழக்கமும், கூடிப் பயிலும் அனுபவமும், அண்மை ஊர்களில் வாழும் எழுத்தாளர்களும் உள்ளனர். மதிப்பீட்டை மாற்றியமைப்பதும், மடல் எழுதும் உழைப்பைக் கற்பித்தல் பணியாகவே கணக்கிட்டு ஊதியம் வழங்குவதும் எஞ்சிய தேவைகள். இவ்விரண்டும் நிறைவேறினால், மேலூர் ஆசிரியரும் உசிலம்பட்டி ஊழியரும் தம் வேலையை விடாமலே எழுத்தைப் பயில வழி பிறக்கும்.