வேலை செய்பவருக்கும் மூச்சு உண்டு!

விளையாட்டரங்கிலே புகைக்கக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஒரு பதில் வரும். "புகை பிடிக்காதவர் நாலு இருக்கை தள்ளி உட்காரட்டுமே! மேலே வானம் திறந்துதானே கிடக்கிறது?" என்பார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். சிலர் தலையையும் ஆட்டுவார்கள்.

நாம் கேட்கிறோம்: ஆட்டம் பார்க்க வந்தவர் தள்ளி உட்காரலாம், அரங்கைப் பார்த்துக்கொள்ள வந்தவர் எங்கே போய் உட்காருவார்? வாயிலிலே சீட்டைக் கிழிப்பவர், படிக்கட்டிலே நின்று கூட்டத்தை ஒழுங்கு செய்பவர், தேநீரைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஏறி இறங்குபவர், ஆட்டம் முடிந்தபின் சிகரெட் துண்டையும் சாம்பலையும் கூட்டி அள்ளுபவர் — இவர்களுக்கு இருக்கையே கிடையாது. தள்ளி உட்காருவது எப்படி? ரசிகர் சில மணி நேரம் இருந்துவிட்டு வீடு திரும்புவார். இவர்களோ நாளைக்கும் வரவேண்டும், நாளை மறுநாளும் வரவேண்டும். வராவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது.

ஆகவே, இது ரசிகரின் சௌகரியத்தைப் பற்றிய சில்லறைப் பேச்சு அல்ல. தொழிலாளியின் உயிரைப் பற்றிய பேச்சு. இதை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிய நகரம் டோக்கியோ. அங்கே நடந்ததை நாம் அறிந்துகொள்வது நல்லது. அதிலே வெட்கப்படவேண்டியதும் உண்டு, பாராட்டவேண்டியதும் உண்டு.

ஒருவர் விடும் புகை, பக்கத்திலே இருப்பவரின் நுரையீரலையும் அரிக்கும் என்ற உண்மையை உலகறியச் செய்தவர்களிலே முன்வரிசையில் நிற்பவர் யார்? ஜப்பானியர்தான்! டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தக்கேஷி ஹிராயாமா. தாங்கள் புகைக்காத மனைவியர் 91,540 பேரின் நிலையை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவன் புகைப்பது மிகுந்தால், மனைவி நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்தும் மிகுகிறது என்று 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றிலே வெளியிட்டார். புகையிலை முதலாளிகள் அவர்மீது பாய்ந்தார்கள். ஆனாலும் அவர் கண்ட உண்மை அசையவில்லை.

உண்மையைக் கண்டு சொன்ன அந்த நாடு, அதன்படி நடந்ததா? இல்லை! உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் புகை தாராளமாக நடமாடியது. பிறர் விட்ட புகையால் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் ஜப்பானிலே மாள்கிறார்கள் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே கணக்குச் சொன்னது. கணக்குச் சொன்ன பிறகும் கட்டுப்பாடு வரவில்லை.

பிறகு, ஒலிம்பிக் வந்தது. 1988-இல் கால்கரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் தொட்டு, புகையில்லாப் போட்டி என்பது ஒலிம்பிக் இயக்கத்தின் கொள்கை. 2010-இல் உலக சுகாதார நிறுவனத்தோடு அதற்கென ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. 2020-ஆம் ஆண்டுப் போட்டி டோக்கியோவுக்கு என்று 2013-இல் முடிவானது. உலகமே வீட்டுக்கு வரப்போகிறது. வீட்டிலோ ஒரே புகை! கொஞ்சம் கூச்சம் பிறந்தது. சட்டம் செய்யச் சுகாதார அமைச்சர் முனைந்தார். 30 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு மதுக்கடைகளுக்கு மட்டுமே விலக்கு என்று 2017-இல் திட்டம் தீட்டினார்.

விட்டார்களா? ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. சிறு கடைக்காரர் பிழைப்புக் கெடும் என்றார்கள். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். சிறு கடைக்காரரும் உழைத்துப் பிழைப்பவர்தான். ஆனால், அவருடைய தோளுக்குப் பின்னே ஒளிந்து நின்றவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். ஜப்பான் புகையிலைக் கம்பெனியின் பங்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அரசிடமே இருக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்! ஒரு கை புகையைத் தடுக்கப் போகிறது. மறு கை புகையிலே லாபம் எடுக்கிறது. எந்தக் கை ஓங்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

2017 மே மாதம், அந்தக் கட்சியின் கூட்டம் ஒன்று. புற்றுநோயிலிருந்து மீண்டவரான ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, புகை சூழ்ந்த இடத்திலே வேலை செய்யவேண்டிய புற்றுநோயாளிகளின் துன்பத்தை எடுத்துரைத்தார். அப்போது இன்னொரு உறுப்பினர் குறுக்கிட்டார். அப்படிப்பட்டவர்கள் வேலைக்கே போகவேண்டாம் என்ற பொருள்படப் பேசினார்! கண்டனம் எழுந்ததும் வருத்தம் தெரிவித்தார். தெரிவித்தார் என்பது சரி. ஆனால் உள்ளே இருந்ததுதானே வெளியே வந்தது? புகை இருந்துகொண்டே இருக்கட்டும், நோயாளி வெளியே போகட்டும் — 'நாலு இருக்கை தள்ளி உட்கார்' என்கிற வாதத்தின் முழு உருவமும் இதுதான்!

முடிவிலே 2018 ஜூலையில் நாட்டுச் சட்டம் வந்தது. இளைத்து, மெலிந்து வந்தது. 100 சதுர மீட்டர் வரை உள்ள பழைய சிறு உணவகங்களுக்கு விலக்கு. உணவகங்களிலே பாதிக்கு மேல் தப்பித்துக்கொள்ளும் என்பது அரசின் கணக்கு.

இங்கேதான் டோக்கியோ நகராட்சி முந்திக்கொண்டது. நாட்டுச் சட்டம் வருவதற்குச் சில நாட்கள் முன்பே, 2018 ஜூனில், தனியாக ஒரு விதி செய்தது. கடை பெரிதா சிறிதா என்று அது அளக்கவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறாயா என்று கேட்டது. ஒருவர் வேலைக்கு இருந்தாலும், சாப்பிடும் இடத்திலே புகைக்கக் கூடாது! அளவுகோல் மாறியது, அகப்பட்ட கடைகளின் தொகையும் மாறியது. நகரத்து உணவகங்களில் சுமார் 84 விழுக்காடு அந்த விதிக்குள் வந்தன. இடத்தை அளந்தால் பாதி தப்புகிறது. மனிதரை எண்ணினால் பெரும்பகுதி அடங்குகிறது. எத்துணை எளிய பாடம்!

2019-இல் ஒலிம்பிக் அமைப்புக் குழு, போட்டி அரங்குகளின் எல்லைக்குள் உள்ளேயும் வெளியேயும் புகைக்கத் தடை என்று அறிவித்தது. சிகரெட் மட்டுமல்ல, புகையிலையைச் சூடாக்கி இழுக்கும் புதுக் கருவிகளுக்கும் சேர்த்தே தடை. பிறகு கொரோனா வந்தது. போட்டி ஓராண்டு தள்ளிப் போனது. 2021 ஜூலை 23-இல் தொடங்கியபோது, டோக்கியோ அரங்குகளிலே ரசிகர்கள் இல்லை. வெறும் நாற்காலிகள்! ஆனால் அரங்கு வெறுமையாகவா இருந்தது? காவலர் இருந்தார், சமையற்காரர் இருந்தார், துப்புரவுத் தொழிலாளி இருந்தார், தொண்டர் இருந்தார், நிருபர் இருந்தார். ரசிகருக்காகத்தான் தடை என்றால் அன்று அதற்கு வேலையே இல்லை. யாருக்கு அது உண்மையிலே தேவை என்பதை அந்த வெறும் நாற்காலிகள் எடுத்துச் சொல்லின.

நம் நாட்டுக்கு வருவோம். சட்டம் இங்கே இல்லையா? இருக்கிறது! 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் கீழ், 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் நடப்பில் உள்ளன. விளையாட்டரங்கைத் 'திறந்த வெளி' என்று காட்டித் தப்ப முடியாதபடி, அரங்கின் பெயரைச் சொல்லியே அடைத்திருக்கிறார்கள். புகைக்கத் தனி இடம் ஒதுக்கும் சலுகை, பெரிய ஓட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும்தான், அரங்குக்கு இல்லை. வாயில்தோறும் அறிவிப்புப் பலகை வேண்டும். புகார் கேட்பவர் பெயர் அதிலே இருக்கவேண்டும். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் நிர்வாகிக்கே அபராதம் உண்டு.

புகைப்பவருக்கு மத்தியச் சட்டம் வைத்த அபராதம் 200 ரூபாய் வரை. அது சிறிதா பெரிதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். புகார் சொல்ல வேண்டியவர் யார்? தேநீர் விற்பவர் வாடிக்கையாளர்மீது புகார் சொல்வாரா? ஒப்பந்தக் கூலியாக வந்த காவலர், முதல் வரிசைச் செல்வரைத் தடுத்துப் பேசுவாரா? சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? அந்தத் துணிவை அவர்களிடம் எதிர்பார்ப்பது அநியாயம். பொறுப்பு, அரங்கை நடத்துகிறவர்கள் தலைமேல் விழவேண்டும்.

ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நுழைவுச் சீட்டிலே தடையை அச்சிடுங்கள். புகார் கேட்கும் அதிகாரியைப் பலகையிலே பெயராக மட்டும் வைக்காமல், அரங்கிலே ஆளாக நிறுத்துங்கள். புகாரைச் சொன்ன தொழிலாளியின் வேலைக்கு உறுதி கொடுங்கள். ஆடுகளத்திலே ஓடுகிறவர் மூச்சுக்குக் கைதட்டுகிறோம். அந்தக் களத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் மூச்சுக்கும் ஒரு மதிப்பு வைப்போம்!