உப்பிய டின்னும் அவசர ஃப்ரைட் ரைஸும்



2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் எங்கள் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து, சேலத்துக்குப் போக்குவரத்து நின்றுபோனது. எங்கள் வீடு காபித் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. கரண்ட் இல்லை, போனும் இல்லை. வந்திருந்த தங்கை குடும்பமும் ஊர் திரும்ப முடியாமல் எங்களோடு மாட்டிக்கொண்டது. மொத்தம் ஏழு பேர். காய்கறிக் கூடையிலோ இரண்டு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ்தான்!

அப்போதுதான், சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் முந்தின வருஷம் வந்தபோது கொடுத்த மூன்று டின் இறைச்சி ஞாபகம் வந்தது. "அவசரத்துக்கு ஃப்ரைட் ரைஸ் பண்ணுங்க அண்ணி" என்று சொல்லிக் கொடுத்தவள். எடுத்துப் பார்த்தால், ஒன்றில் பன்றி இறைச்சி என்று இருந்தது. அத்தை அதைச் சாப்பிட மாட்டார்கள். இன்னொன்று கோழி, மூடி தட்டையாக இருந்தது. மூன்றாவதும் கோழிதான். ஆனால் அதன் மூடி உப்பி, விளிம்பில் துரு ஏறியிருந்தது.

அதைக் குப்பைக்கு எடுத்து வைத்தேன். அவ்வளவுதான், அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "என் பொண்ணு ஆசையா கொண்டு வந்ததைத் தூக்கிப் போடுறியே? நல்லா கொதிக்க வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்!" என்றார்கள். இவரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும், "குழந்தைங்க சாப்பிடுற சோறு அத்தை. கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அதைத் திறக்காமலே இரண்டு பையில் சுற்றிக் கட்டி, நாய் இழுக்காத இடத்தில் போட்டேன்.

டின்னுக்குள் கிருமி வளர்ந்து வாயு உண்டானால் மூடி உப்பும். பொட்டுலினம் என்ற விஷம் நரம்பைத் தாக்கி, மூச்சையே நிறுத்திவிடும். அது வாசனையிலோ ருசியிலோ தெரியாமலும் இருக்கலாம். அதனால் உப்பிய டின், ஒழுகும் டின், ஆழமாகத் துருப்பிடித்த டின், தையலில் நசுங்கிய டின் எதையும் ருசிகூடப் பார்க்கக் கூடாது.

நல்ல டின்னை வைத்து நான் செய்தது இதுதான். மலை உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும் என்பதால், மூன்று டம்ளர் பச்சரிசியைக் குக்கரில் உதிரியாக வேகவைத்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டேன். டின் இறைச்சி ஏற்கெனவே வெந்தது. சின்னச் சின்னத் துண்டாக்கி, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் ஓரம் முறுகும்வரை வறுத்து எடுத்தேன். அதே எண்ணெயில் பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாய், கேரட், பீன்ஸ் வதக்கி, நாலு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, சாதமும் இறைச்சியும் சேர்த்தேன். கடைசியில் எங்கள் தோட்டத்து மிளகைத் தட்டிப் போட்டேன். இறைச்சியிலேயே உப்பு அதிகம். ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள்.

ஃப்ரிட்ஜ் ஓடாததால் மீதி வைக்காமல் அன்றே சாப்பிட்டு முடித்தோம். கரண்ட் இருந்தாலும் திறந்த டின்னை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். மிச்சச் சோற்றையும் வெளியே வைத்துவிடாமல், ஆறியதும் உள்ளே வையுங்கள்.

போன் வந்ததும் அத்தை முதல் வேலையாக மகளிடம் புகார் சொன்னார்கள். அவளோ, "ஐயோ அம்மா, அண்ணி தூக்கிப் போட்டதுதான் சரி! நாங்களும் அதைத்தான் செய்வோம்" என்றாளாம். அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், அலமாரியில் இருந்த ஊறுகாய் டின்னை எடுத்து வந்து, "இதோட மூடி சரியா இருக்கா, பாரும்மா" என்று நீட்டினார்கள். எனக்கு அதுவே போதும்!

உங்கள் வீட்டு அலமாரியையும் இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சகோதரிகளே.

- ஒரு வாசகி, ஏற்காடு.