தராசின் மறுதட்டில் என்ன?



ஒரு தராசைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு தட்டில் பாறாங்கல் இருக்கிறது. மறுதட்டில் எதுவுமே தென்படவில்லை. ஆனாலும் முள் நேராக நிற்கிறது. இதைக் கண்டால் என்ன நினைப்போம்? அந்த மறுதட்டில் நம் கண்ணுக்குப் படாத ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்போம். இன்றைய பௌதிக விஞ்ஞானிகளுக்கும் இத்தகையதொரு திகைப்புத்தான்.

அணுவைப் பிளக்க முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1911 இல் ரதர்போர்ட் அதன் நடுவே ஒரு கரு இருப்பதைக் காட்டினார். கருவினுள்ளே புரோத்தன்கள் இருந்தன. அந்தப் புரோத்தனும் குவார்க் எனும் நுண்துணிக்கைகளால் ஆனது என்பது 1960களின் இறுதியில் தெரியவந்தது. குவார்க்குகள் ஆறு வகை. அவற்றுள் மிகப் பாரமானது 'டொப்' குவார்க். 1995 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகிலுள்ள ஃபேர்மி ஆய்வுகூடத்தில் இதனைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் கை வளையலிலுள்ள தங்கத்தின் ஓர் அணு எவ்வளவு பாரமோ, ஏறத்தாழ அவ்வளவு பாரம் இந்த ஒற்றைத் துணிக்கைக்கு உண்டு!

குவார்க் போன்ற அடிப்படைத் துணிக்கைகளுக்குத் திணிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடையாக, 1964 இல் பீற்றர் ஹிக்ஸும் வேறு சிலரும் ஒரு கொள்கையை முன்வைத்தனர். அதன்படி இருக்க வேண்டிய ஹிக்ஸ் துணிக்கை 48 ஆண்டுகளின் பின்னரே அகப்பட்டது. 2012 ஜூலை 4 ஆம் திகதி ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுநிலையத்தில், இரண்டு ஆய்வுக் குழுக்களின் தலைவர்கள் அச்செய்தியை அறிவித்தார்கள். அவர்களில் ஒருவர் இத்தாலியப் பெண்மணியான ஃபேபியோலா ஜியனோட்டி. பின்னர் 2016 முதல் 2025 வரை அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பையும் அவரே வகித்தார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது. ஹிக்ஸின் திணிவு ஏறத்தாழ 133 புரோத்தன்களுக்குச் சமம். ஆனால், பாரமான டொப் குவார்க்கின் தாக்கத்தால் அது கற்பனைக்கெட்டாத அளவு கூடியிருக்க வேண்டும் என்கிறது கணக்கு. கூடவில்லையே! அப்படியானால் அதனை ஈடுசெய்ய மறுதட்டில் இருப்பது எது?

இதற்கு ஒரு விடையைத் தரக்கூடிய சிந்தனையை 1984 இல் டேவிட் கெப்லன், ஹொவார்ட் ஜோர்ஜி ஆகியோர் வளர்த்தெடுத்தனர். புரோத்தனைப் போலவே ஹிக்ஸும் இன்னும் சிறியவற்றால் ஆன ஒரு கூட்டுத் துணிக்கையாக இருக்கலாம் என்பதே அது. இந்த வழியில் வளர்ந்த கொள்கைகளின்படி, டொப் குவார்க்குக்குப் பாரம் கூடிய 'பங்காளிகள்' இருக்க வேண்டும். டொப்பின் தாக்கத்தை ஈடுசெய்வது அவர்களே.

அந்தப் பங்காளிகளைத் தேடும் களம், சேர்னில் பூமிக்கடியில் அமைந்துள்ள 27 கிலோமீற்றர் நீளமான வட்டச் சுரங்கம். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் எதிரெதிரே ஓடும் புரோத்தன்களை அங்கே மோத விடுகிறார்கள். மோதலின் சக்தி புதிய துணிக்கைகளாக மாறுகிறது. பாரமான பங்காளி பிறந்தாலும் கணப்பொழுதில் சிதைந்துவிடும், எஞ்சுவது சிதறல்களே. பக்கத்து வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதைக் குப்பையிலே கிடக்கும் முள்ளையும் தோலையும் பார்த்து அறிவது போல, அந்தச் சிதறல்களிலிருந்தே பிறந்தது எதுவென்று கணிக்க வேண்டும். அதிலும், செக்கனுக்குக் கோடிக்கணக்கில் நிகழும் மோதல்களில் பெரும்பாலானவை வெறும் உமி. அரிசியைச் சுளகில் இட்டுப் புடைப்பது போலப் புடைத்து, வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள்.

இத்தனை பாடுபட்டும் கிடைத்தது என்ன? இதுவரை ஒன்றுமில்லை! ஆயினும் அந்தத் தேடல் வீணாகவில்லை. அப்படியொரு பங்காளி இருக்குமானால், பெரும்பாலான கணிப்புகளின்படி, அதன் பாரம் ஏறத்தாழ ஏழு தங்க அணுக்களுக்கு மேலாகவே இருக்க வேண்டும் என்று இன்று சொல்ல முடிகிறது. தேடும் எல்லை உயர உயர, அந்தக் கொள்கைக்கு நெருக்கடியும் கூடுகிறது. ஒருவேளை பங்காளிகள் இன்னும் பாரமானவையாக இருக்கலாம். ஒருவேளை தராசைப் பற்றிய நமது எண்ணமே பிழையாக இருக்கலாம்.

பல்லாண்டு உழைத்தவர்கள், "நாம் தேடியது கிடைக்கவில்லை" என்று உலகறிய எழுதி வைக்கிறார்கள். இந்த நேர்மை நமக்குப் புதிதல்ல. தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகள் பலவற்றுக்கு, "எனக்குத் தெரியாது" என்று தயங்காமல் சொன்னவர் என இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைப் பற்றிக் கூறுவார்கள். நமது அறிஞர்கள் தமது கருத்தைச் சொன்ன பின்னரும், "அல்லாஹு அஃலம்" - அல்லாஹ்வே மிக அறிந்தவன் - என்றே முடித்தார்கள்.

அடுப்படியில் வேலையாக இருக்கும்போது, "உம்மா, இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று மகளோ மகனோ வந்து கேட்டால், "சும்மா இரு" என்று அதட்டிவிடாதீர்கள். "எனக்குத் தெரியாது மகள், தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்துதான் அறிவு தன் பயணத்தைத் தொடங்குகிறது.