லால்பாகில் பொறுக்கிய சிவப்பு மணி

பெங்களூரில் என் கடைக்குட்டி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவள் வகுப்பை லால்பாக் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். "துணைக்கு ரெண்டு அம்மாக்கள் வந்தா நல்லது" என்று டீச்சர் கேட்க, நானும் கிளம்பிவிட்டேன்.

1760-ல் ஹைதர் அலி ஆரம்பித்த தோட்டம். இன்று 240 ஏக்கர். எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் பிஞ்சுக் கால்கள் என்னாவது? டீச்சர் கெட்டிக்காரி. கண்ணாடி மாளிகை, பெரிய இலவ மரம், பாறை, இவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம் என்றதும் ஒரு வாண்டு, "எங்க பாட்டியை விடவா?" என்றான்!

செடியில் எதையும் பறிக்கக் கூடாது, கீழே விழுந்ததைப் பொறுக்கலாம் என்பது சட்டம். ஆளுக்கொரு காகிதக் கவர். ஒரு மரத்தடியில் மஞ்சாடி விதைகள் சிவப்புச் சிவப்பாய்க் கிடந்தன. குழந்தைகளுக்குக் கேட்க வேண்டுமா?

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் மட்டும் டப்பாவைத் திறக்காமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "என்னடா கண்ணா?" என்றேன்.

"ஆன்ட்டி, மணி உள்ள போயிடுச்சு."

எனக்குக் கை காலெல்லாம் உதறியது. உடனே வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாங்க, இன்னும் உள்ளே தள்ளிடும்." அவனை வாயால் மூச்சு விடச் சொல்லி, மூக்கை உறிஞ்சாமல் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்குப் போன் செய்துவிட்டு, மற்ற குழந்தைகளை இன்னொரு டீச்சரிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் அவனோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். (என் பெரியவன் சின்ன வயதில் மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டபோது ஹேர்பின்னால் தோண்டி ரத்தம் வரவழைத்தவள் நான். அதை வழியில் டீச்சரிடம் சொல்லவில்லை!)

பையனின் அம்மாவும் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். டாக்டர் அவனை மடியில் உட்கார வைக்கச் சொன்னார். அடைக்காத மூக்கை விரலால் மூடிக்கொண்டு, "அவன் வாயோட வாய் வச்சு, முத்தம் கொடுக்கற மாதிரி 'புஸ்'ஸுனு ஒரு தடவை ஊதுங்கம்மா" என்றார். இரண்டாம் தடவை சளியோடு மணி வெளியே விழுந்தது. இப்படி வராவிட்டால் கருவி வைத்து எடுப்பார்களாம்.

பிறகு டாக்டர் சொன்னவை: தண்ணீர் விடக் கூடாது, பயறு, பட்டாணி ஊறிப் பெருத்துவிடும். பொத்தான் மாதிரி இருக்கும் சின்ன பாட்டரி என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முழுச் சிவப்பு, மஞ்சாடிதான்" என்றார். கறுப்புப் பொட்டு உள்ளது குன்றிமணி. நம் வீட்டுப் பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிறோமே, அதேதான். அதைக் கடித்து மென்றால் கொடிய விஷம். வாயில் போட்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், மிச்ச விதையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பையன் நகரவே இல்லை. டாக்டர் முன்னால் கையை நீட்டி நின்றான்.

"அங்கிள், என் மணி?"