பிப்ரவரியில் நின்றுபோகும் வாசிப்பு

புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் நான் எடுக்கும் தீர்மானம் ஒன்றுதான்: இந்த ஆண்டு வேதாகமத்தை முழுமையாக வாசித்துவிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அது பிப்ரவரியில் நின்றுபோகும்.

அதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல, கணக்கும் ஒரு காரணம். 66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஆண்டுக்குள் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரங்கள் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. நாளுக்கு மூன்று என்று போனால் ஜனவரி 31ஆம் தேதி லேவியராகமம் வந்து நிற்கும். பலிகள், தீட்டு, சட்டங்கள்! நம்மில் பலர் புத்தகத்தை மூடுவது அங்கேதான்.

எனக்கு வேலையும் ஒரு சாக்கு. காலை ஆறு மணிக்கு வானொலி நிகழ்ச்சி. நான்கு மணிக்கே எழுந்து, கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் காரை விரட்ட வேண்டும். இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி. பத்து நாள் விட்டால் முப்பது. கடன் கொடுத்தவரைக் கண்டு ஒதுங்குவதுபோல் வேதாகமத்தைக் கண்டே ஒதுங்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. மருத்துவமனை நடைபாதையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஜெபம் பண்ணும்மா" என்றார். தினமும் மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவள் நான். அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை. அம்மாவே கண்ணை மூடி, ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். இரவில் அடுப்படியை ஒதுக்கியதும் ஒரு சங்கீதம் வாசிப்பது அவர் வழக்கம்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தபின் கேட்டேன்: "எப்படிம்மா ஒரு நாளும் விடாம வாசிக்கிறீங்க?"

"விடலன்னு யாரு சொன்னா? எத்தனையோ நாள் விட்டிருக்கேன். விட்டத எண்ண மாட்டேன். அன்னைக்கு உள்ளத வாசிப்பேன்."

அந்தப் பதில் என் பாக்கிக் கணக்கை அழித்தது. இப்போது நான் செய்வது எளிது. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். தேதி எதுவோ, அதுவே அன்றைய அதிகாரம். நேற்று விட்டிருந்தாலும் இன்று பாக்கி இல்லை. இரவில் அம்மாவோடு ஒரு சங்கீதம். 117ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள். 119இல் 176 வசனங்கள். அதைச் சில நாள்களுக்குப் பிரித்துக்கொள்வோம். 88ஆம் சங்கீதம் ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதை வாசித்த பிறகுதான், மனம் சரியில்லாத நாளிலும் அப்படியே ஜெபிக்கலாம் என்று புரிந்தது.

நேரத்தையும் ஒன்றோடு கட்டிப்போட்டேன். நிலையத்தில் காரை நிறுத்தியதும் பத்து நிமிடம். கைப்பேசி பையில், கையில் அச்சுப் புத்தகம். கைப்பேசியில் திறந்தால் வாட்ஸ்அப் முந்திக்கொள்ளும். வாசித்ததில் மனதில் நின்ற ஒரு வரியை ஜெபமாக்கி, மூன்று பேரின் பெயரைச் சொல்லி முடிப்பேன்.

அப்பாவுக்கு இன்னும் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் இரவு ஜெபத்தின் முடிவில் 'ஆமென்' மட்டும் தெளிவாகச் சொல்கிறார்.

போன வாரம்கூட இரண்டு நாள் தவறவிட்டேன். மூன்றாம் நாள் தேதியைப் பார்த்துப் புத்தகத்தைத் திறந்தேன். உங்கள் வாசிப்பும் எங்காவது நின்றுபோயிருந்தால், இன்று என்ன தேதி என்று பாருங்கள்.