மன்னார்க் கரையில் ஓடும் கெப்புக்கு எந்த சொக் அப்சோபர்?

பேசாலையிலும் தலைமன்னாரிலும் விடியற்பொழுதில் படகுகள் கரைசேர்ந்ததும், ஐஸ் இட்ட மீன்பெட்டிகளை நெருக்கமாக அடுக்கிக்கொண்டு, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து மதவாச்சி வழியாகத் தெற்கு நோக்கி விரையும் கெப் வாகனமொன்றின் பின்புறத்தைக் குனிந்து பார்ப்பவருக்கு, இப்பிரதேசத்தில் சொக் அப்சோபர் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உருகிய ஐஸ்நீரும் மீனின் உப்புநீரும் பெட்டியின் அடித்தட்டிலுள்ள இடுக்குகளின் வழியே ஒழுகிப் பின்னச்சின் மீதும், அதன் இருபுறமும் சாய்ந்து நிற்கும் இரு குழாய்களின் மீதும் ஓயாமல் சொட்டிக்கொண்டிருக்கும். கடற்காற்றின் உப்பும் வாடிகளுக்குச் செல்லும் பாதைகளின் நுண்மணலும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டமையால், பழைய கெப் ஒன்றைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே தொழிலை நடத்த வேண்டிய நிர்ப்பந்தம் அநேக சம்மாட்டிமாருக்கும் மீன் வியாபாரிகளுக்கும் ஏற்பட்டது. ஆகவே மாற்று உறுப்பைத் தெரிந்தெடுப்பதில் காட்டும் ஜாக்கிரதை இங்கே ஜீவனத்தோடு சம்பந்தப்பட்ட விஷயமாகும்.

முதலில் நீக்க வேண்டியது ஒரு தப்பபிப்பிராயம். பாரம் அதிகம் ஏற்றுகிறோம், எனவே கடையில் உள்ளவற்றுள் மிகக் கடினமான சொக்கைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிறவர்கள் பலர். வாகனத்தின் பாரத்தைச் சுமப்பது சொக் அன்று. பின்னச்சின் மேல் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும் வில்தகடுகளே அதைச் சுமக்கின்றன. பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் அழுந்திய வில் மீண்டெழுந்து, ஆட்டிவிட்ட ஊஞ்சலைப் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிருக்க முனையும். அந்த ஆட்டத்தை இரண்டொரு அசைவிலேயே அடக்குவதுதான் சொக்கின் கடமை. எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் ஒரு பிஸ்டன் நகர, அதிலுள்ள சிறு துவாரங்களின் வழியாகவும் வால்வுகளின் வழியாகவும் எண்ணெய் நெருக்குண்டு பாய்வதால், வில்லின் அசைவு உஷ்ணமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. கரடுமுரடான வீதியில் நெடுந்தூரம் ஓடி வந்த உடனே பின்சொக்குகள் இரண்டையும் கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் இரண்டும் சூடாயிருக்க வேண்டும்; ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருக்குமானால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று அனுபவமுள்ள மெக்கானிக் அக்கணமே சொல்லிவிடுவார்.

எனவே, பாரமேற்றியதும் வாகனத்தின் பின்புறம் தாழ்ந்து தொங்குமானால் வில்தகடுகளைப் பரிசோதிக்க வேண்டுமேயன்றிச் சொக்கின் மீது பழி சுமத்தலாகாது. அளவுக்கு மீறிக் கடினமான சொக்கைப் பூட்டியவர், சந்தையில் மீனை இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பும்போது அதன் தீமையை உணர்வார்: பின்சக்கரங்கள் தரையில் நிலையாகப் பதியாமல் துள்ளும், மழையில் நனைந்த வளைவில் அத்துள்ளல் பேராபத்தாக முடியக்கூடும், சொக்கைத் தாங்கும் இரும்புக் காதுகளும் நாளடைவில் வெடித்துப்போகும். மீன் ஏற்றும் கெப் தன் பிரயாணத்தில் பாதித் தூரம் வெறுமையாகவே ஓடுகிறது என்பதை மறந்துவிடுவதே இத்தவறுக்கு மூலகாரணம் என்பது என் துணிபு.

பலரும் கவனியாமல் விடும் மற்றொரு விஷயம் நீளம். பாரத்துக்காக மேலதிகத் தகடொன்றைச் சேர்த்த வாகனம், வெறுமையாக நிற்கையில் முன்னிருந்ததைவிட உயர்ந்து நிற்கும். அதற்குப் பழைய அளவுச் சொக்கையே பூட்டினால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சொக் தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு உள்ளிருந்தே முறிந்துவிடும். அளவுக்கு மிஞ்சி நீண்டதைப் பூட்டினாலோ, முழுப்பாரத்தோடு மேட்டில் ஏறுகையில் அது அடிமுட்டி உடையும். ஆதலால் கடைக்குப் போகுமுன், வெறுமையிலும் பாரத்திலும் மேற்காதுக்கும் கீழ்க்காதுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொண்டு, விரிந்த நீளமும் சுருங்கிய நீளமும் அவ்விரு அளவுகளுக்கும் அப்பால் போதிய இடம் விடுகின்ற சொக்கையே தேட வேண்டும்.

அமைப்பில் இரு வகை உண்டு. ஒன்றினுள் ஒன்றாக இரு குழாய்கள் உடையது முதலாவது. பிரெஞ்சுப் பொறியியலாளர் கிறிஸ்தியன் பூர்சியே த கார்போன் வகுத்து, 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் பரவச் செய்த ஒற்றைக்குழாய் வகை இரண்டாவது. அதில் நைதரசன் வாயு உயர்ந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருப்பதால், அலையலையாகத் திரைந்த கிரவல் வீதியில் நெடுநேரம் ஓடினாலும் எண்ணெய் நுரைத்துப்போவதில்லை. ஆனால் அதன் குழாயைக் கல்லொன்று தாக்கிச் சிறிது நசுக்கினாலும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், விலையும் அதிகம். தார்வீதியிலும் ஊர்ப்பாதையிலும் கலந்தோடும் மன்னார்க் கெப்புக்கு, குறைந்த அழுத்தத்தில் வாயு நிரப்பிய இரட்டைக்குழாய்ச் சொக்கே பொருத்தமென்று நான் கருதுகிறேன்.

ஜப்பானியக் கெப்புகளுக்குக் கேவைபி போன்ற நிறுவனங்களின் சொக்குகள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கின்றன. சொக் அடைத்து வரும் பெட்டியின் அச்சும் இலக்கமும் சொக்கின் மீதுள்ள இலக்கத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம், போலிகள் இத்துறையில் சாதாரணம். பழைய உடலுக்கு வர்ணம் பூசி எண்ணெய் மாற்றி விற்கப்படுவதைப் பாரவாகனத்துக்கு ஒருபோதும் வாங்கலாகாது.

உப்புக்கு எதிராக முக்கியமாய்க் காக்க வேண்டியது குரோமியம் பூசிய தண்டையே. அதில் துருப்புள்ளி ஒன்று விழுந்தால் போதும். ஒவ்வொரு அசைவிலும் அது எண்ணெய் அடைப்பின் விளிம்பைக் கிழித்துக்கொண்டேயிருக்கும், பின்னர் எண்ணெய் கசியும். தண்டை முழுவதும் மூடும் உறையுள்ளதைத் தெரிந்தெடுத்து, மீன் இறக்கிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது உத்தமம். பெட்டியிலிருந்து வடியும் நீரை ஒரு குழாய் வைத்துச் சக்கரங்களுக்குப் பின்னால் விழச் செய்தால் இன்னும் நன்று.

சொக்குகளை ஓரச்சுக்கு இரண்டாகவே மாற்ற வேண்டும். படுக்கவைத்திருந்த இரட்டைக்குழாய்ச் சொக்கைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை முழுமையாக இழுத்தும் அமுக்கியும் உட்குழாயில் சிக்கிய காற்றை அதிலிருந்து வெளியேற்றுவது திருத்தகங்களில் அடிக்கடி தவறவிடப்படும் காரியம். கடைசி நட்டை, வாகனம் ஜக்கில் தொங்கும்போது முறுக்காமல், சக்கரங்கள் தரையில் ஊன்றி நின்ற பிறகே முறுக்கச் சொல்லுங்கள்; இல்லையேல் காதுகளிலுள்ள ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே இறுகி, சொக் புதிதாயிருக்கையிலேயே அது கிழியத் தொடங்கும்.